பிரித்தானியப் பிரபு குடும்பங்களின் கால்வழியும் நிலவுடைமையும்

ஆதிக்கத்தில் உள்ள வர்க்கங்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த வரலாறுகளுள் வம்சாவளி மிகப் பழையதாகும். தந்தை, மகன், பேரன் என்னும் ஒழுங்கில் பெயர்களும் ஆண்டுகளும் அடுக்கப்படுகையில் அங்கு வாதம் எதுவும் நிகழ்வதாகத் தோன்றுவதில்லை. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்னும் கூற்றை எவரும் எளிதில் ஐயுறுவதுமில்லை. ஆயினும் அக்கூற்றினுள்ளே இன்ன நிலம் இன்னாருக்கு உரியது, இன்ன அதிகாரம் இன்னாரைச் சேர்ந்தது என்னும் உரிமைக் கோரிக்கை உறைந்து கிடக்கின்றது. இயற்கை நிகழ்ச்சியாகிய பிறப்பு, சமூக ஏற்பாடாகிய உடைமைக்குச் சான்றாக நிறுத்தப்படுகின்றது. வம்சாவளிகளை மூலாதாரமாகக் கொள்ளும் ஆய்வாளர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் பிரித்தானியப் பிரபு குடும்பங்களின் கால்வழியாகும். 1789க்குப் பின் பிரான்சிலும் 1917க்குப் பின் ருஷ்யாவிலும் நேர்ந்தது போன்ற முறிவு இங்கிலாந்தின் பிரபு வர்க்கத்துக்கு நேரவில்லை. 1649இல் பிரபுக்கள் சபை ஒழிக்கப்பட்டதாயினும் 1660இல் அது மீண்டது. இத்தொடர்ச்சியைக் காட்டி, நோர்மன் வெற்றிக் காலந்தொட்டு அறாது வரும் இரத்த உறவே பிரித்தானிய உயர்குடியின் அடித்தளம் என்னும் கருத்து நெடுங்காலமாகப் பரப்பப்பட்டு வந்துள்ளது. சான்றுகள் வேறு கதை கூறுகின்றன. நிலைத்து நின்றது பெருநிலவுடைமை. இரத்தவழியோ அடிக்கடி அறுந்தது. அறுந்த இடங்களிற் சட்டமும் பணமும் கற்பனையும் முடிச்சிட்டன. இதனை நிறுவுவதே எமது நோக்கம்.

முதலில் நோர்மன் வெற்றியை நோக்குவோம். 1066இல் நிகழ்ந்தது அரசமாற்றம் மாத்திரமன்று. அது மாபெரும் நிலப்பறிப்புமாகும். முதலாம் வில்லியத்தின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏடு, ஒவ்வொரு பண்ணையும் 1066இல் யாரிடம் இருந்தது, 1086இல் யாரிடம் உள்ளது என்பதை அருகருகே பதிவு செய்கின்றது. அரசனிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்றோருள் பழைய ஆங்கிலேயர் என்று சொல்லத்தக்கவர் இருவரே அதிற் காணப்படுகின்றனர்: ஆர்டனைச் சேர்ந்த தேர்க்கில், லிங்கனைச் சேர்ந்த கோல்ஸ்வெயின். இருபது ஆண்டுகளில் ஒரு பிரபு வர்க்கம் ஏறத்தாழ முழுவதும் அகற்றப்பட்டு மற்றொன்று அதனிடத்தில் அமர்த்தப்பட்டது. பிற்காலக் குடும்பங்கள் தம் மூதாதையரைத் தேடிச் சென்ற இடம் இப்பறிப்பின் தொடக்கப் புள்ளியே என்பது கவனிக்கத்தக்கது. வெற்றியாளரின் தோழர் பட்டியல் எனப் போற்றப்பட்ட பற்றில் மடத்துப் பெயரேட்டின் மூலப்படி கிடைத்திலது. 16ஆம் நூற்றாண்டளவில் வழங்கிய பிரதிகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் உள்ளன. ஹேஸ்ரிங்ஸ் போரில் வில்லியத்துடன் நின்றதாகச் சமகாலச் சான்று கொண்டு நிறுவத்தக்கவரோ ஏறத்தாழ இருபது பேருக்குள் அடங்குவர்.

வெற்றியாளரின் வழித்தோன்றல்களேனும் நிலைத்தனரா? மத்திய கால இங்கிலாந்தின் பிரபுக்களை ஆராய்ந்த கே. பி. மக்பார்லேன் தந்த விடை தெளிவானது. 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் ஒவ்வொரு கால் நூற்றாண்டிலும் பிரபு குடும்பங்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நேரடி ஆண்வழி இன்றி அற்றுப்போயின. யோர்க், லங்காஸ்ரர் மரபினரிடையே நிகழ்ந்த போர்களே பழைய பிரபுக்களை அழித்தன என்பது பாடநூல்களில் வழங்கிய கருத்து. போர் இல்லாத ஆண்டுகளிலும் குடும்பங்கள் இதே வேகத்தில் அற்றன என்பதை மக்பார்லேன் காட்டினார். ஆண்வழி மாத்திரமே வழி எனக் கொள்ளும் எந்தச் சமூகத்திலும் இது நிகழவே செய்யும். குழந்தை மரணம் மிகுந்திருந்த காலத்தில் வயதுவந்த மகனொருவனைத் தலைமுறைதோறும் விட்டுச் செல்லுதல் உறுதியான காரியமன்று. பெரும் புகழ்பெற்ற டி வெயர் குடும்பம் 12ஆம் நூற்றாண்டிற் பெற்ற ஒக்ஸ்போட் ஏர்ல் பட்டத்தை 1703 வரை காத்தது ஒரு விதிவிலக்கு. அதுவும் அவ்வாண்டில் இருபதாவது ஏர்லுடன் முடிவுற்றது.

இரத்தம் அறுகையில் நிலம் சிதறாதிருக்கச் செய்தது சட்டமாகும். 1285ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்மின்ஸ்ரர் சட்டம், நிலமொன்று ஒருவருக்கும் அவர் வயிற்றுவழி வாரிசுகளுக்கும் என வழங்கப்படுமிடத்து, அதனை வைத்திருப்பவர் தம் விருப்பப்படி கைமாற்ற முடியாதவாறு தடுத்தது. காலப்போக்கிற் சட்டவறிஞர் இத்தடையைக் கடக்கும் வழிகளைக் கண்டனர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உள்நாட்டுப் போரின் பின்னணியில், அதனினும் நுட்பமான குடும்ப உடன்படிக்கை முறை உருவாயிற்று. அதன்படி நிலத்தை அனுபவிப்பவர் தம் ஆயுட்காலத்துக்கு மட்டுமே உரிமையாளர். மூத்த மகன் வயதுக்கு வந்ததும், பெரும்பாலும் அவன் திருமணத்தையொட்டி, தந்தையும் மகனும் புதிய உடன்படிக்கை செய்து, இன்னும் பிறவாத பேரனுக்கு நிலத்தைக் கட்டிவைப்பர். மகளிருக்கும் இளைய புதல்வருக்கும் பணமாக ஒரு பங்கு அல்லது ஆண்டுப்படி குறிக்கப்படும். தலைமுறைதோறும் இவ்வுடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டமையால் எத்தலைமுறையிலும் நிலத்துக்கு முழுச் சொந்தக்காரர் என எவரும் இலர். மனிதர் நிலத்தை ஆண்டனர் என்பதினும், நிலம் தனக்கு வேண்டிய மனிதரை வரிசையாகத் தேர்ந்தது என்பது பொருந்தும். வம்சாவளி அத்தேர்வின் பதிவேடாயிற்று.

இச்சட்ட ஏற்பாட்டின் தாக்கம் எமது தீவையும் எட்டியது. நிலம் முழுவதும் மூத்தவனைச் சேர்கையில் இளைய புதல்வர் படை, திருச்சபை, நீதித்துறை, குடியேற்ற நாட்டு நிருவாகம் ஆகியவற்றிற் பிழைப்புத் தேடினர். 1798 முதல் 1805 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த பிரெட்றிக் நோர்த், பிரித்தானியப் பிரதமராயிருந்த நோர்த் பிரபுவின் இளைய மகனாவார். அண்ணன்மார் ஆண்வாரிசின்றி இறந்தபின் 1817இல் அவர் கில்போட் ஏர்ல் பட்டத்தை அடைந்தார். 1883 முதல் 1890 வரை இப்பதவியை வகித்த ஆதர் கோர்டன், மற்றொரு பிரதமரான நான்காவது அபடீன் ஏர்லின் கடைசி மகன். ஆங்கிலக் குடும்பச் சட்டம் உபரியாக்கிய புதல்வர்களுக்குப் பேரரசு வாழ்வளித்தது எனலாம்.

நிலம் கைமாறிய காலங்களிற் கால்வழி எவ்வாறு புனையப்பட்டது என்பதை இனி நோக்குவோம். எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் துறவிமடங்களைக் கலைத்தான். அவற்றின் நிலங்கள் முடியின் கைக்கு வந்து, பின்னர் அரசவைச் செல்வாக்குடையோரிடமும் பணம் படைத்தோரிடமும் சென்றன. தாவிஸ்ரொக் மடத்து நிலங்களையும் வூபேர்ண் மடத்தையும் இலண்டனின் கொவென்ற் கார்டன் பகுதியையும் பெற்ற ஜோன் றஸல் 1550இல் பெட்போட் ஏர்ல் ஆனார். அவருடைய முன்னோர் வேமத் துறைமுகத்தில் வணிகம் செய்தவர்கள். பிற்காலத்தில் இக்குடும்பத்துக்கென எழுந்த வரலாறு அவர்களை நோர்மன் வீரரின் வழியினராக்கிற்று.

புதிய செல்வர் பழைய குடியினராவதற்கு ஒரு நிறுவனமும் இருந்தது. மூன்றாம் றிச்சட்டினால் 1484இற் பட்டயம் வழங்கப்பெற்ற கட்டியங்காரர் குழு, 1555இல் மேரி அரசியால் மீண்டும் நிறுவப்பட்டது. 1530 முதல் 1680களின் இறுதிவரை இக்கட்டியங்காரர் மாவட்டந்தோறும் சென்று, குலச்சின்னம் தரிப்போரை அழைத்து, அவர்களின் உரிமையை விசாரித்து, கால்வழியைப் பதிந்தனர். தகுதியற்றோர் எனக் கண்டவரைப் பகிரங்கமாக மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் தகவல் தந்தவரும் கட்டணம் செலுத்தியவரும் ஒருவரே. தம் சோதனைக்கு உட்பட்டோரின் பணத்திற் சோதகர் வாழ்ந்த இவ்வமைப்பில், ஊர்ப்பெயர் ஒற்றுமையும் குடும்பப்பெயர் ஒற்றுமையும் உறவுக்குச் சான்றாயின.

ஸ்பென்சர் குடும்பத்தின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். வொரிக்ஷயரில் ஆட்டுப்பட்டிகளாற் செழித்த ஜோன் ஸ்பென்சர் 1506இல் வோர்ம்லெய்ற்றன் பண்ணையையும் 1508இல் அல்தோர்ப்பையும் வாங்கினார். அவர் வாங்குமுன்னரே வோர்ம்லெய்ற்றன் கிராமம் அழிக்கப்பட்டிருந்தது. ஏழாம் ஹென்றியின் அரண்மனைக் கணக்கதிகாரி வில்லியம் கோப் அங்கு வீடுகளை இடித்து, உழுநிலத்தை வேலியடைத்து, மேய்ச்சல் நிலமாக்கியிருந்தார். இத்தகைய நில அடைப்புகளைப் பற்றி 1517இல் வூல்சி விசாரணைக் குழுவொன்றை நியமித்தபோது, அடைப்பு தமக்கு முன்னரே நிகழ்ந்ததென்றும், தாம் அங்கு மாளிகை எழுப்பித் தேவாலயத்தைத் திருத்தியதாகவும் ஸ்பென்சர் விண்ணப்பித்தார். கம்பளி வளம் தந்தது. வளம் பட்டம் தந்தது. 1603இல் றொபேட் ஸ்பென்சர் பாரன் ஆனார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் றிச்சட் லீ என்னும் கட்டியங்காரர் இக்குடும்பத்தை மத்திய காலத்துப் பேர்பெற்ற டெஸ்பென்சர் பிரபுக்களின் வழியில் இணைத்துக் கால்வழி வகுத்துக் கொடுத்திருந்தார்.

ஆயினும் சமகாலத்தவர் ஏமாறவில்லை. 1621இற் பிரபுக்கள் சபையில் நிகழ்ந்த வாக்குவாதத்தில், தம் முன்னோர் நாட்டுக்குத் தொண்டாற்றிய காலத்தில் ஸ்பென்சரின் முன்னோர் ஆடு மேய்த்தனர் என்று ஹவாட் குலத்தவரான அருண்டெல் ஏர்ல் இகழ்ந்தார். தம் முன்னோர் ஆடு மேய்த்த காலத்தில் அவருடைய முன்னோர் அரச துரோகச் சதியில் ஈடுபட்டிருந்தனர் என்று ஸ்பென்சர் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்த அருண்டெல் இலண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். லீ வகுத்த கால்வழி கையிலிருந்தும் ஸ்பென்சர் அதனைத் துணைக்கழைக்கவில்லை, ஆட்டுப்பட்டியை மறுக்கவுமில்லை. அந்த அளவுக்கு நிலத்தின் பலம் உறுதிப்பட்டிருந்தது. இதே ஆண்டுகளில் முதலாம் ஜேம்ஸ் 1611இல் உருவாக்கிய பரோனெட் பட்டம் 1,095 பவுணுக்கு வழங்கப்பட்டது. லோறன்ஸ் ஸ்ரோனின் ஆய்வின்படி, 1603இல் ஏறத்தாழ 55 ஆக இருந்த பிரபுக்களின் எண்ணிக்கை 1620களின் முடிவில் 120ஐத் தாண்டியது.

பேர்சி குடும்பத்தின் கதை இன்னும் ஆழமான உண்மையைப் புலப்படுத்துகின்றது. நோதம்பலாந்து ஏர்ல்களான பேர்சிகளின் ஆண்வழி 1670இற் பதினோராவது ஏர்லுடன் அற்றது. அப்போது டப்ளினைச் சேர்ந்த பெட்டி செய்யும் தொழிலாளியான ஜேம்ஸ் பேர்சி என்பவர் தாமே வாரிசு என வழக்காடினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் போராடினார். அவர் காட்டிய கால்வழி முன்பின் முரணாக இருந்ததென்பதும் உண்மையே. 1689இற் பிரபுக்கள் சபை அவருடைய கோரிக்கையைத் தள்ளியது. தள்ளியதுடன் அமையாது, தாம் பொய்யான உரிமை கோரியவர் என அறிவிக்கும் தாளை மார்பில் தரித்து வெஸ்மின்ஸ்ரர் மண்டபத்து நீதிமன்றங்களின் முன் அவர் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. லீயைப் போன்றோர் ஏட்டில் எழுதிய பொய்களுக்கு இத்தகைய தாள் எவர் மார்பிலும் தொங்கவில்லை.

பேர்சி நிலமோ பெண்வழியிற் சென்றது. கடைசி ஏர்லின் மகள் சொமர்செற் டியூக்கை மணந்தார். அவர்களுடைய பேர்த்தி எலிசபெத் சீமோரை 1740இல் ஹியூ ஸ்மித்சன் மணந்தார். யோர்க்ஷயரைச் சேர்ந்த இந்தப் பரோனெட்டின் முன்னோர் இலண்டனில் வணிகம் செய்து உயர்ந்தவர்கள். 1750இற் பாராளுமன்றச் சட்டமொன்றினால் அவர் பேர்சி என்னும் பெயரை ஏற்றார். 1766இல் நோதம்பலாந்து டியூக் ஆனார். பேர்சி எனப் பிறந்த தொழிலாளி பொய்யன். ஸ்மித்சன் எனப் பிறந்த கனவான் பேர்சி. இவ்விரு முடிவுகளையும் அளித்தது பாராளுமன்றமே. இதே ஹியூவுக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்த மகனொருவர் இருந்தார். தந்தையின் இரத்தம் ஐயத்துக்கிடமின்றி அவரிடம் ஓடியும் பட்டமோ நிலமோ அவரைச் சேரவில்லை. தாய்வழிச் சொத்தினாற் செல்வரான அவர், தந்தை துறந்த ஸ்மித்சன் என்னும் பெயரைத் தாமாக ஏற்றார். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்னும் அவ்விரசாயன ஆய்வாளர் 1829இல் இறந்தபோது எழுதிவைத்த சொத்தினால், 1846இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் தோன்றியது. பிறப்பும் வம்சமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

19ஆம் நூற்றாண்டிற் கால்வழி அச்சேறிச் சந்தைப் பொருளாயிற்று. ஜோன் டெபிறெற்றின் பிரபுக்கள் தொகுதி 1802இலும் ஜோன் பேர்க்கின் தொகுதி 1826இலும் வெளிவரத் தொடங்கின. தொழிற்புரட்சி உருவாக்கிய புதிய முதலாளிகள் இந்நூல்களில் இடம் தேடினர். குடும்பங்கள் அனுப்பிய செய்திகள் பெரிதும் ஆராயப்படாமலே அச்சாயின. எட்வேட் பிறீமன் 1877இல் இப்புனைவுகளைக் கடுமையாகச் சாடினார். அவரைத் தொடர்ந்து ஜே. எச். றவுண்ட் 1901இல் வெளியிட்ட நூலில், ஸ்பென்சர், றஸல் குடும்பங்களின் புனைந்த கால்வழிகளைப் பட்டயச் சான்று கொண்டு தகர்த்தார். றவுண்ட் புரட்சியாளர் அல்லர். பிரபுப்பட்ட வழக்குகளில் முடிக்கு வரலாற்று ஆலோசகராகவும் பின்னர் விளங்கியவர். வம்சத்தின் பெருமையில் நம்பிக்கை உடையவரே அதன் பொய்மையை அம்பலப்படுத்த நேர்ந்தமை கருதத்தக்கது.

இக்காலத்தின் மற்றொரு நிகழ்ச்சியும் இத்தகையதே. நாட்டின் நிலம் சிலரிடம் குவிந்துள்ளது என்னும் தீவிர சீர்திருத்தவாதிகளின் குற்றச்சாட்டைப் பொய்யாக்கும் நோக்குடன், 1872இல் டேர்பி ஏர்ல் நிலவுடைமைக் கணக்கெடுப்பொன்றை வேண்டினார். அவ்வாறு தொகுக்கப்பட்ட 1873ஆம் ஆண்டின் கணக்கு குற்றச்சாட்டையே உறுதிப்படுத்தியது. ஐக்கிய இராச்சியத்து நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சுமார் 7,000 பேரிடம் இருந்தது. பேர்க்கின் தொகுதியையும் இக்கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு, ஒன்று மற்றதன் முகவுரை என்பது விளங்கும்.

அந்நிலத்துக்கும் மாளிகைகளுக்கும் பணம் வந்த வழிகளையும் நாம் மறத்தலாகாது. 1812இல் ஏர்ல் பட்டம் பெற்ற ஹரூட் லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சீனி வணிகத்திலும் தோட்டங்களிலும் விளைந்தது. 1833இன் சட்டத்தால் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, உடைமையாளருக்கு இழப்பீடாக 2 கோடிப் பவுண் ஒதுக்கப்பட்டது. இரண்டாவது ஹரூட் ஏர்ல் 1,200க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக 26,000 பவுணுக்கும் மேல் பெற்றார். அடிமைகள் எதுவும் பெறவில்லை. அத்தீவுகளில் ஒழிப்புக்கு முன்னைய ஆண்டுகளில் அடிமைப் பதிவேடுகள் எழுதப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பெயரும் பாலும் வயதும் உண்டு. தந்தை பெயருக்கு இடமில்லை. ஏனெனில் அங்கே தாயின் நிலையே பிள்ளையின் நிலை எனச் சட்டம் விதித்தது. அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளை, தந்தை யாராயினும், அடிமையே. இங்கிலாந்தில் ஆண்வழியைப் போற்றிய அதே வர்க்கம் கரிபியனில் தாய்வழியை நிலைநாட்டியது முரண்பாடன்று. இரு விதிகளும் உடைமையைப் பெருக்கின.

அண்மைக் கால மரபணு ஆய்வுகள் இரத்தவழிக் கோட்பாட்டை வேறொரு திசையிலிருந்து சோதித்துள்ளன. 2012இல் லெஸ்ரர் நகரில் மூன்றாம் றிச்சட்டின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. 2014இல் வெளியான ஆய்வின்படி தாய்வழி மரபணு பொருந்தியது. ஆனால் பொது மூதாதையரான மூன்றாம் எட்வேட்டிலிருந்து ஐந்தாவது போபோட் டியூக் வழியாக ஆண்வழியில் வருவதாகக் கொள்ளப்பட்டோரின் ஆண்நிறமூர்த்தம் அவ்வெலும்பினதுடன் பொருந்தவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கோ, ஏட்டிலுள்ள தந்தை வேறு, உண்மைத் தந்தை வேறு. 1683இல் உருவாக்கப்பட்ட ஸ்கொத்லாந்துப் பரோனெட் பட்டமொன்று தொடர்பாக 2016இற் கோமறைக் கழகம் மரபணுச் சான்றை ஏற்று, பட்டம் வேறொரு கிளைக்கு உரியது எனக் கருத்துரைத்தது. பெருநிலம் பட்டத்துடன் கட்டுண்டிருந்த நூற்றாண்டுகளில், திருமணத்தினுள் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே என்னும் சட்ட ஊகம் எளிதில் அசைக்கப்படவில்லை. பட்டம் வெறும் பெயராகிய பின்னரே இரத்தத்தைச் சோதிக்கும் துணிவு பிறந்தது என்பது எமது கருத்து.

சட்டத்துறையில் இவ்வமைப்பு படிப்படியாகத் தளர்ந்தது. கட்டுண்ட நிலங்களை விற்கும் உரிமையை 1882ஆம் ஆண்டின் சட்டம் விரிவாக்கிற்று. உயில் இல்லாதவிடத்து நிலம் மூத்த மகனைச் சேரும் விதி 1925இன் சட்டங்களால் ஒழிந்தது. 1999இன் சட்டம் பரம்பரைப் பிரபுக்களுள் 92 பேர் தவிர்ந்த ஏனையோரைப் பிரபுக்கள் சபையிலிருந்து அகற்றியது. எஞ்சியோரையும் அகற்றுவதற்கான மசோதா 2024இல் முன்வைக்கப்பட்டது. எனினும் முடியின் வாரிசுரிமையில் மூத்த மகளுக்கும் சம இடமளித்த 2013இன் சட்டம் பிரபுப்பட்டங்களைத் தொடவில்லை. வழி வகுத்த உடைமை சுருங்கிய பின்னும் வழியின் விதி மனத்தில் நீடிக்கின்றது. அடித்தளத்தின் மாற்றத்தைக் கருத்துநிலை உடனடியாகப் பின்தொடர்வதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

இவற்றாற் பெறப்படுவது வம்சாவளி பயனற்றது என்பதன்று. திருமணக் கூட்டுகள், நிலத்தின் கைமாற்றம், வர்க்கங்களுக்கிடையிலான ஏற்ற இறக்கம் ஆகியவற்றை அறிய அது இன்றியமையாதது. ஆனால் அதனை வாசிக்கும்போது, யார் யாருக்குப் பிறந்தார் என்பதோடு, இக்கால்வழி எப்போது, யார் பணத்தில், எந்நிலத்தின் பொருட்டு எழுதப்பட்டது என்பதையும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும்போதுதான் ஏட்டில் இடம்பெறாதோரும் நம் பார்வைக்கு வருவர். ஆங்கிலப் பொதுமக்களின் பிறப்பும் திருமணமும் இறப்பும் முறையாகப் பதியப்படத் தொடங்கியது 1538இல் தோமஸ் குரொம்வெல்லின் ஆணையால் எழுந்த திருச்சபைப் பதிவேடுகளிலாகும். வோர்ம்லெய்ற்றனில் வீடிழந்தோர் அதற்கு ஒரு தலைமுறை முன்னரே கலைந்து போயினர். அவர்களின் தந்தையர் பெயரை எந்தக் கட்டியங்காரரும் கேட்கவில்லை. ஒரு நில விசாரணையின் ஏட்டினூடாகவே அவர்கள் வரலாற்றில் நுழைகின்றனர். ஸ்பென்சர்களின் கால்வழி முழுமையாக எழுதப்படுமாயின், அதன் முதற் பக்கம் அவர்களுக்கும் உரியதாகும்.